அத்தையின் அறையில் 14 டிகிரி: ஒரு வீட்டின் குளிர்கால பில், முழு விவரம்

டிசம்பர் மாத ஹீட்டிங் பில் ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. நிலைக்கட்டணத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், போன வருஷ டிசம்பரைப் போல 1.6 மடங்கு. வீட்டில் ஆள் கூடவில்லை, புதிதாக எதுவும் வாங்கி மாட்டவில்லை, வழக்கத்துக்கு மேல் எதையும் ஓடவிட்டதாகவும் தெரியவில்லை. நானும் வீட்டுக்காரரும் ராத்திரி ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: சூட்டைக் குறை, ஸ்வெட்டரைப் போடு. மறுநாள் காலையில், வீடு எத்தனை டிகிரி சூடானதும் ஹீட்டிங் நிற்க வேண்டும் என்று சொல்லும் தெர்மோஸ்டாட்டை 21-லிருந்து 18-க்கு இறக்கிவிட்டோம்.

ஒன்பது நாள் கழித்து, அத்தையின் அறைக்குத் துணி எடுத்து வைக்கப் போனபோது, உள்ளே நுழைந்ததுமே முகத்தில் ஜில்லென்று அடித்தது. அத்தை இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் ஐஸ்கட்டி மாதிரி. ரேடியேட்டரின் (எரிவாயு பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக வந்து ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) குமிழ் 3-லிருந்து நட்சத்திரக் குறிக்கு, அதாவது குழாயில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சூடு விடும் இடத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது.

"நீங்களா அத்தை இதைக் குறைச்சீங்க?"

"எனக்கு என்னம்மா, ரெண்டு போர்வை இருக்கு. புள்ள படிக்கிற ரூமுக்கு ஓடட்டும்."

பொண்ணின் அறையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துவந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் 14 டிகிரி காட்டியது. ஜன்னல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் கோர்த்து, கட்டையில் வழிந்து ஊறிப்போயிருந்தது. வெளிச்சுவரை ஒட்டி இருந்த அலமாரியை நகர்த்தினால், பின்னால் சுவரில் கைப்பிடி அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை.

இந்த ஆய்வு அந்த அறையிலிருந்துதான் தொடங்கியது, பில்லிலிருந்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி, உடல்நல வழிகாட்டுதல்களில், குளிர் காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று சொல்கிறது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். குளிரில் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். மூச்சுக்குழாய்த் தொல்லை இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். இதில் மோசமான விஷயம், வயதாக ஆகக் குளிர் உறைப்பதே குறைந்துபோகும். அத்தை "எனக்கு ஒண்ணும் குளிரலையே" என்று சொன்னது பொய் இல்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதனால் இப்போது அவரிடம் "குளிருதா" என்று கேட்பதை விட்டுவிட்டேன், தெர்மாமீட்டரைத்தான் பார்க்கிறேன்.

அன்றைக்கே குமிழைத் திருப்பி 4-இல் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் அறை 15. ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன்: அடிப்பகுதி சுடுகிறது, மேல் பாதி பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கிறது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், காற்று மேலே போய் நின்றுகொண்டு வெந்நீரை ஏற விடாது. (இதற்கு நேர்மாறாக அடிப்பகுதி மட்டும் ஆறிப்போய் இருந்தால், உள்ளே சேறு படிந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு ஆளைக் கூப்பிட்டுக் கழுவ வேண்டும்.) ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் கால் சுற்று திறந்து, கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷத்துக்கும் மேல் உஸ்ஸென்று காற்று வந்தது, அப்புறம் கறுப்பாக நாலு சொட்டுத் தண்ணீர், உடனே மூடிவிட்டேன். பாய்லரின் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதைச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டதும் ரேடியேட்டர் மேல்விளிம்பு வரை சூடானது. ஆக, அத்தை குமிழை மூடியது மட்டும் காரணம் இல்லை. பல வாரமாகவே அது ஒழுங்காகச் சுடவில்லை. சுடாத சாமானுக்கு எதற்குக் காசு என்று நினைத்துத்தான் மூடியிருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம்.

சரி, இனி பில்லுக்கு வருகிறேன். 1.6 மடங்கு என்கிற மொத்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, அதை மூன்றாகப் பிரித்தால்தான் பிடி கிடைக்கும்: ரேட் எவ்வளவு ஏறியது, வெளியே எவ்வளவு குளிர் கூடியது, வீடு எவ்வளவு வீணாக்குகிறது.

முதலில் ரீடிங். பில்லில் மீட்டர் ரீடிங்குக்குப் பக்கத்தில் அது உண்மையாகப் பார்த்து எழுதியதா, நிறுவனம் உத்தேசமாகப் போட்டதா என்று குறிப்பு இருக்கும். உத்தேசம் என்றால் மற்ற கணக்கு எல்லாமே வீண், மீட்டரைப் படம் எடுத்து அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். எங்களுடையது இரண்டு வருஷமும் உண்மையான ரீடிங். மீட்டர் கன மீட்டரில் ஓடும், பில் யூனிட்டில் வரும். ஒரு கன மீட்டர் எரிவாயு சுமார் 11 யூனிட், அதாவது 11 கிலோவாட் மணி. போன டிசம்பரில் 1,400 யூனிட், இந்த டிசம்பரில் 1,600. பயன்பாடு 14 சதவீதம் கூடியிருக்கிறது. யூனிட் ரேட் 40 சதவீதம் ஏறியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் அந்த 1.6 வந்துவிடுகிறது. பெரும்பங்கு ரேட், அதை நாங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதும் சரி, 2022-இல் ரஷ்யா ஐரோப்பாவுக்கு அனுப்பும் எரிவாயுவைக் குறைத்தபோதும் சரி, எங்கோ நடக்கிற ஒன்று நேராக வீட்டு பில்லில் வந்து விழுந்தது.

மிச்சம் இருப்பது அந்த 14 சதவீதம். நாங்கள்தான் ஏதோ ஊதாரித்தனம் செய்துவிட்டோம் என்று நினைத்துத்தான் தெர்மோஸ்டாட்டை இறக்கினோம். அது சரியா என்று பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது: டிகிரி நாள் கணக்கு. வெளியே சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 15.5 டிகிரிக்குக் கீழே போனால்தான் வீட்டுக்கு ஹீட்டிங் தேவை, அதற்கு மேல் இருந்தால் ஆட்களின் உடல் சூடு, அடுப்பு, வெயில் இவையே போதும் என்று வைத்துக்கொள்வார்கள். (சில நாடுகளில் 18 டிகிரியை அடிப்படையாக எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கும் ஒரே எண்ணை எடுத்தால் போதும்.) ஒருநாள் சராசரி 5.5 என்றால் அன்றைக்கு 10 டிகிரி நாள். இப்படி மாதம் முழுக்கக் கூட்ட வேண்டும். வானிலைத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

போன டிசம்பரின் சராசரி 6 டிகிரி, ஆக 31 நாளுக்கு 294 டிகிரி நாள். இந்த டிசம்பர் 4.5, ஆக 341. யூனிட்டை டிகிரி நாளால் வகுத்தால் போன வருஷம் 4.75, இந்த வருஷம் 4.7. அதாவது வீடு கொஞ்சம்கூட மாறவில்லை! கூடுதலாகச் செலவான 200 யூனிட்டும் வெளியே கூடுதலாக அடித்த குளிருக்குப் போனது. யாருடைய தப்பும் இல்லை. இதை அத்தையிடம் எழுதிக் காட்டினேன். தன்னால்தான் பில் ஏறிவிட்டதோ, பகல் முழுக்க வீட்டில் இருப்பது தான் ஒருத்திதானே என்று அவர் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த 4.7-க்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 200 வாட் வீட்டைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வரும் (பாய்லரில் வீணாவதும், குளிக்க எடுக்கும் வெந்நீரும் இதற்குள் அடங்கும்). அது எங்கே ஓடுகிறது என்று தேடுவதுதான் ஜனவரி முழுக்க எங்கள் வேலையாக இருந்தது.

காற்றோடு போவது முதல். எங்கள் வீடு 100 சதுர மீட்டர், உயரம் 2.5 மீட்டர், ஆக உள்ளே 250 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட் மணி வேண்டும். உள்ளே வெளியே 15 டிகிரி வித்தியாசம், மணிக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுக்க மாறுகிறது என்றால் 250 × 0.33 × 15, கிட்டத்தட்ட 1,240 வாட். நாள் முழுக்க 30 யூனிட்! பழைய வீடுகளில் மணிக்கு ஒருமுறை மாறுவது சாதாரணம். எங்களுடையதை நான் அளக்கவில்லை. கதவில் விசிறியைப் பொருத்திக் காற்றழுத்தத்தை மாற்றி அளக்கும் முறை ஒன்று 1970-களிலிருந்தே இருக்கிறது, வசதி இருப்பவர்கள் அதைச் செய்யலாம். நாங்கள் காற்று பலமாக அடித்த ஒரு சாயங்காலம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம்.

அது ஓர் அருமையான வேலை, பொண்ணும் கூடவே வந்தாள். புகை நேராக மேலே போகும் இடம் சரியான இடம். வாசல் கதவின் அடியில் பிடித்ததும் புகை படுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. கடிதம் போடும் துவாரத்தில், சமையலறைக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், வெளிச்சுவரில் இருக்கும் ஒரு பிளக் பெட்டியில், தரையும் சுவரும் சேரும் பட்டையின் அடியில், எல்லா இடத்திலும் அப்படியே. ஆனால் கூரைக்கு அடியில் இருக்கும் பரணுக்குப் போகும் மூடிக்கு அடியில் பிடித்தபோது புகை உறிஞ்சியது மாதிரி மேலே போய் மறைந்தது. கீழே குளிர்காற்று நுழைகிறது, மேலே சூடான காற்று அந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது, வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. மேலே ஓட்டையை அடைத்தால் கீழே நுழைவதும் குறையும் என்பதால் பரண் மூடியைத்தான் முதலில் அடைத்தோம்: சுற்றிலும் ரப்பர் பட்டை, மூடியின் முதுகில் தடிமனான வெப்பக் காப்புப் பலகை, இறுக்கிப் பிடிக்க ஒரு கொக்கி. வாசல் கதவின் அடியில் பிரஷ் பட்டை. குழாய் இடுக்குகளுக்குப் பசை. எல்லாம் சேர்த்து இரண்டு விடுமுறை நாள் வேலை.

அடைக்கக் கூடாத இடங்கள் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். குளியலறை, சமையலறைக் காற்றுப்போக்கிகள், எரிவாயுவோ விறகோ எரியும் சாதனம் இருக்கும் அறையின் காற்றுத் துவாரம், இவற்றைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைக்கக் கூடாது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருந்து அப்படியே மயக்கம் போட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுத்தான் நாங்கள் இடுக்கை அடைக்கவே தொடங்கினோம். செலவு மிச்சம் என்று அடுப்புக்கரியை அறைக்குள் மூட்டுவது, சமையல் அடுப்பைத் திறந்துவிட்டுக் குளிர்காய்வது, இரண்டும் உயிரோடு விளையாடுவது.

கதவை அடைத்த மூன்றாம் நாள் எதிர்பாராத ஒன்று நடந்தது: அத்தையின் அறை 19-லிருந்து 17-க்கு இறங்கிவிட்டது. காரணம் கண்டுபிடிக்க ஒருநாள் ஆனது. எங்கள் தெர்மோஸ்டாட் வாசலுக்குப் பக்கத்து நடையில் இருக்கிறது. முன்பு அங்கே எப்போதும் குளிர்காற்று வீசியதால் அது "இன்னும் சூடு போதவில்லை" என்று பாய்லரை ஓட்டிக்கொண்டே இருந்தது. கதவை அடைத்ததும் நடை சீக்கிரம் சூடாகிவிட்டது, தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிட்டது, குழாயின் கடைசியில் இருக்கும் அத்தை அறைக்குச் சூடு போய்ச் சேரும் முன்பே. நடையில் இருந்த ரேடியேட்டரின் அடிவால்வைப் பாதி மூடினோம், அது மெதுவாகச் சூடாக, மற்ற அறைகளுக்கு நேரம் கிடைத்தது. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் மற்ற இரண்டையும் இப்படியே கொஞ்சம் கொஞ்சம் மூடி, கடைசி அறைக்குத் தண்ணீர் போக வழிவிட்டோம். மறுநாள் அத்தை அறை 20. ஒரு பைசா செலவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகரும், அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒன்று மாற்றி இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

இனி பாய்லர். இதுவும் செலவில்லாத வேலைதான், பலபேருக்குத் தெரிவதில்லை. இப்போதைய பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகை. எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும், அந்த நீராவியைப் புகையோடு வெளியே விடாமல் உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலிருந்து வரும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதுதான் இதன் திறமை. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். எங்கள் பாய்லரைப் பொருத்தியவர் அனுப்பும் தண்ணீரை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார், திரும்பி வருவதும் 60-க்கு மேல்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷமாக அந்த நீராவி எங்கள் காசோடு வெளியே போயிருக்கிறது. 55-க்கு இறக்கினேன். ரேடியேட்டர் தொட்டால் முன்போல் சுடாது, அறை சூடாகக் கூடுதல் நேரம் ஆகும், அதனால் காலையில் அரை மணி நேரம் முன்பே ஓடும்படி டைமரை மாற்றினோம். உறைபனி விழுந்த இரண்டு வாரம் மட்டும் 60-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடு என்றால் அந்தத் தொட்டிக்கான அளவை 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது, லெஜியோனெல்லா என்ற கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும். எங்களிடம் தொட்டி இல்லை.

"நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடவிட்டால்தான் மிச்சம், அணைத்து அணைத்துப் போட்டால் செலவு" என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர் சொன்னார்கள். வீடு ஓர் ஓட்டைக் குடம். குடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக ஒழுகும். ஆள் இல்லாத நேரம் குடத்தை நிரப்பி வைத்திருந்தால் அந்த நேரம் முழுக்க ஒழுகியது ஒழுகியதுதான். பாய்லர் வீட்டுக்கு, தேவையில்லாத நேரத்தில் இறக்கி வைப்பதே மிச்சம். வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் இருந்தால் விஷயம் வேறு. அது ஒரு யூனிட் மின்சாரத்தை வைத்துச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும், ஆனால் தண்ணீரை ரொம்பச் சூடாக்கச் சொன்னால் அந்தத் திறமை இறங்கிவிடும். ஆறிப்போன வீட்டை அவசரமாகச் சூடாக்கச் சொல்லாமல், நிதானமாக ஓடவிட்டு இரவில் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குறைப்பதே அதற்குச் சரி. நாங்கள் இரவு 17, பகலில் நடை தெர்மோஸ்டாட் 19 என்று நிறுத்திக்கொண்டோம். அத்தை அறை மட்டும் எந்நேரமும் 20 இருக்கும்படி, அந்த அறைக்கு இரவில் தனி ஏற்பாடு.

ஒரு டிகிரி குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்பார்கள். உள்ளே 21, வெளியே 5 என்றால் வித்தியாசம் 16. அதில் ஒன்று குறைத்தால் பதினாறில் ஒரு பங்கு, சுமார் 6 சதவீதம். வெளியே மைனஸ் 10 அடிக்கிற இடத்தில் வித்தியாசம் 31, அங்கே அதே ஒரு டிகிரி 3 சதவீதம்தான் தரும். அப்புறம், வேகமாகச் சூடாகட்டும் என்று தெர்மோஸ்டாட்டை 25-க்குத் திருப்புவதில் பயன் இல்லை, அது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

அந்தத் தனி ஏற்பாட்டுக்கு வீட்டுக்காரர் முதலில் ஒரு மின் ஹீட்டர் வாங்கலாம் என்றார், "குறைந்த மின்சாரத்தில் அதிக வெப்பம்" என்று அட்டையில் போட்டிருந்தது. விசிறி வைத்ததோ, எண்ணெய் நிரப்பியதோ, பீங்கானோ, கம்பிச்சுருள் சூடாகும் ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். விலையும் வடிவமும்தான் வேறு. 2 கிலோவாட் ஹீட்டர் இரவில் 8 மணி நேரம் முழுசாக ஓடினால் 16 யூனிட். எங்கள் பில்லில் மின்சார யூனிட் எரிவாயு யூனிட்டைவிடப் பலமடங்கு, நிறைய இடங்களில் அப்படித்தான். அதனால் அதை விட்டுவிட்டு, அத்தை அறை ரேடியேட்டரைத் தவிர மற்றவற்றின் குமிழ்களை இரவில் தாழ்த்திவிடுகிறோம். படுக்கைக்கு மின் விரிப்பு வாங்கினோம். அது 100 வாட்டுக்கும் குறைவு, அறை முழுக்கச் சூடாக்காமல் ஆளை மட்டும் சூடாக்குகிறது. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்துவிடுவது அத்தையின் பழக்கம். மின் ஹீட்டர்தான் வழி என்கிற வீடுகளில், அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், நீட்டிப்பு ஒயரில் வேண்டாம், திரைச்சீலைக்கும் படுக்கைக்கும் பக்கத்திலும் வேண்டாம்.

ஜன்னல்களில் இரண்டு மட்டும் இன்னும் ஒற்றைக் கண்ணாடி, சேர்த்து 4 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 5 வாட்டுக்கு மேல் போகும், ஆக 15 டிகிரி வித்தியாசத்தில் 300 வாட். மாற்றுவதற்குப் பெரிய செலவு, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த உரிமையும் இருக்காது. மரச்சட்டத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு பிலிமை ஒட்டி, முடி உலர்த்தும் சாதனத்தால் சூடுகாட்டினால் அது விறைப்பாக இழுத்துக்கொள்ளும், இடையில் அசையாத காற்று ஒரு போர்வையாக நிற்கும். கிட்டத்தட்டப் பாதி இழப்பு நின்றுபோகும். திரைச்சீலையும் உதவும், ஆனால் ரேடியேட்டரின் மேல் தொங்கக் கூடாது. பொண்ணின் அறையில் அப்படித்தான் தொங்கி, வருகிற சூடு எல்லாம் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் வெள்ளிக் காகிதம் ஒட்டியதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம், குளிர்ந்த சுவர், இரண்டும் சேர்ந்தது. அத்தை அறையில் நாங்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். ஒருமுறை துவைத்த துணியில் இரண்டு லிட்டர் தண்ணீர் சாதாரணமாக நிற்கும். ஒரு லிட்டர் ஆவியாக 0.6 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும், அதுவும் அறையிலிருந்துதான் போகிறது, கடைசியில் அந்த ஆவி குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படிகிறது. துணியைக் குளியலறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டுவிடுகிறோம். தினமும் இரண்டு தடவை ஐந்து நிமிஷம் ஜன்னலை அகலத் திறக்கிறோம். "சூடு போயிடுமே" என்று அத்தை பதறினார். வீட்டுக் காற்று முழுக்க ஒருமுறை மாறினாலும் போவது 1.2 யூனிட்தான், சுவரும் சாமான்களும் பிடித்து வைத்திருக்கும் சூடு அப்படியே இருக்கும், அறை பத்து நிமிஷத்தில் மீண்டுவிடும். நாள் முழுக்க ஜன்னலை விரல் அகலம் திறந்து வைப்பதுதான் நஷ்டம். யாரும் தங்காத சின்ன அறையை முதலில் முழுக்க அணைத்தோம், பத்தே நாளில் அங்கேயும் பூஞ்சை வாசனை வந்துவிட்டது, இப்போது அதை 16-இல் வைத்திருக்கிறோம்.

காசு போட்ட ஒரே பெரிய வேலை பரண். அங்கே ஏற்கெனவே மெல்லிய காப்புப் பஞ்சு இருந்தது, அது நசுங்கியும் போயிருந்தது. அதன்மேல் குறுக்காக இன்னும் இரண்டு அடுக்கு விரித்தோம்.

பிப்ரவரி 28 நாளும் தினமும் காலை ஏழு மணிக்கு மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினோம். பிப்ரவரியின் சராசரி 5 டிகிரி, ஆக 294 டிகிரி நாள், போன டிசம்பரின் அதே அளவு. அன்றைக்கு 1,400 யூனிட் பிடித்த குளிருக்கு இப்போது 1,090. டிகிரி நாளுக்கு 4.7 என்று இருந்தது 3.7 ஆகிவிட்டது. இதில் அத்தை அறை 14-லிருந்து 20-க்கு ஏறியதும் அடக்கம். ரேட் 40 சதவீதம் ஏறியிருப்பதால், அதே அளவு குளிருக்குப் பழைய பில்லைவிட இன்னும் 9 சதவீதம் கூடுதலாகத்தான் கட்டுகிறோம். எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அந்த 9 என்பது 40 ஆக இருந்திருக்கும். எந்த வேலை எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பாய்லரும் பரண் மூடியும் ஒரே வாரத்தில் செய்தவை. அது இந்த ஆய்வின் குறை.

டிசம்பர் பில்லை ஒரே தடவையில் கட்ட முடியவில்லை. நிறுவனத்துக்குத் தவணை தேதிக்கு முன்பே பேசி, நான்கு மாதமாகப் பிரித்துக் கேட்டோம். முதலில் பேசியவர் முடியாது என்றார், எழுத்தில் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். வயதானவர் வீட்டில் இருக்கிறார் என்பதைப் பதிவு செய்யும் வசதியும் இருந்தது, அதை அவர்களாகச் சொல்லவில்லை, கேட்டபோதுதான் சொன்னார்கள். தேதி தாண்டிய பிறகு பேசுவதற்கும் முன்பே பேசுவதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

வெளிச்சுவர் இன்னும் மிச்சம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் கட்டி முடித்த முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஹீட்டிங்கே போதும்படி காப்பிட்டுக் கட்டும் முறை) வீடுகளின் வழியில் வந்த அளவுகோல், ஒரு சதுர மீட்டருக்கு வருஷம் 15 யூனிட் வெப்பம் போதும் என்கிறது. எங்கள் 100 சதுர மீட்டருக்கு அது 1,500 யூனிட், நாங்கள் ஒரே டிசம்பரில் செலவழித்ததைவிடக் குறைவு. பழைய வீட்டை அந்த அளவுக்குக் கொண்டுபோக எங்களிடம் பணம் இல்லை. அத்தை அறையின் வெளிச்சுவருக்கு மட்டும் வெயில் காலத்தில் காப்பு போடலாம் என்று இரண்டு பேரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.

மீட்டர் நோட்டு இப்போது அத்தையிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவரே போய்ப் பார்த்து எழுதுகிறார். ரீடிங்குக்குப் பக்கத்தில் நான் சொல்லாமலே இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார், தன் அறையின் டிகிரிக்கு. நேற்று அதில் 20 என்று இருந்தது.